நம்பரின் மேல் ஒட்டிய பொட்டு

தணிகைவேல் தன் குருவைவிடப் பதினாறு வயது பெரியவர். இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். கறுப்பு வெள்ளையில் முகம் எடுக்கக் கற்றுக்கொள்வதற்காக நிலோஃபர் டீச்சரிடம் வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வேலூரில், ஒரு டயர் கடையின் மாடியில் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை. டீச்சர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். தணிகைவேல் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். க்ரெயின் எவ்வளவு வைக்கணும்? இருபத்தஞ்சா, நாப்பதா?"

பழைய ஃபிலிம் படங்களில் முகமெங்கும் பொடிப்பொடியாகத் தெரியுமே, அதைத்தான் கேட்டார். இப்போது கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு கோடு இருக்கிறது. இழுத்தால் பொடி கூடும். பக்கத்தில் நம்பர் ஓடும்.

"யாரோட படம்?"

"என் சம்சாரம், செண்பகம். பதினோரு மணிக்கு இங்கயே வந்து பார்க்கிறேன்னிருக்கா."

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து செண்பகம் அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. "நீங்க மூஞ்சிக்கு இஸ்திரி போடுற ஆளு" என்று சொல்லிவிடுவார். போன வாரம்தான் மனம் இறங்கினார். அதுவும் ஒரே ஒரு தடவை. பிடிக்கவில்லை என்றால் இனிமேல் கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டிய படத்தை டீச்சர் பார்த்தார்.

"யாரு இவங்க?"

"அதான் சொன்னேனே, சம்சாரம்."

"இவங்களுக்குத் தோல் எங்க போச்சு?"

தணிகைவேல் தலையைச் சொறிந்தார். "கன்னத்துல அம்மைத் தழும்பு டீச்சர். கைப்பழக்கம், வழிச்சு விட்டுட்டேன். அப்புறம் பார்த்தா பொம்மை மாதிரி இருந்துச்சு. மேல க்ரெயினைப் போட்டா நிஜமாத் தெரியும்னு..."

"இருந்ததை அழிச்சுட்டு இல்லாததைத் தூவுறீங்க!"

"நீங்க கல்யாண வீட்டுல தழும்போட குடுத்துப் பாருங்க. ஆல்பத்தை நம்ம மேலயே வீசுவாங்க."

"இது கல்யாண வீடாண்ணே?"

"இல்ல, எங்க வீடு. அதைவிட மோசம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ரவை டப்பாவை எடுத்து வந்தார். ஒரு இட்லியின் மேல் இரண்டு சிட்டிகை தூவி அவர் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க."

கடித்தார். நறநறவென்றது.

"என்ன டீச்சர் இது?"

"ரவா இட்லி."

"யாரு சொன்னா? இது இட்லி மேல ரவை!"

டீச்சர் சட்னியைத் தொட்டுத் தன் இட்லியைச் சாப்பிட்டார்.

தணிகைவேல் கையிலிருந்த இட்லியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் இட்லியைப் பார்த்தார். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, படத்தில் செய்த மாற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினார். க்ரெயின் போனது. கன்னத்துக் குழிகள் திரும்பி வந்தன. கண்ணோரத்துச் சுருக்கம் வந்தது. படம் எடுத்தபோது செண்பகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்ப க்ரெயினே வேணாமா டீச்சர்?"

"வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?"

"எவ்வளவுன்னும் சொல்ல மாட்டேங்கறீங்களே!"

படியில் செருப்புச் சத்தம். செண்பகம் பதினோரு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றார். விரலை நீட்டித் திரையில் தெரிந்த தன் கன்னத்தைத் தொட்டார்.

"மூக்கோரத்துக் குழி கூட இருக்கே!"

தணிகைவேல் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.

"அக்கா, பையில ஸ்டிக்கர் பொட்டு வெச்சிருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

செண்பகம் அட்டையை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதில் பெரிய பொட்டாகப் பார்த்து உரித்து, திரையில் நம்பர் ஓடும் இடத்தில் ஒட்டினார்.

"இப்ப இழுங்கண்ணே."

"நம்பர் தெரியலையே டீச்சர்!"

"அக்கா தெரியறாங்கல்ல? இழுங்க."

இழுத்தார். முகத்தின் சாம்பல் நிறத்தில் மெல்லப் பொடி ஏறியது.

"நல்லாருக்கு," என்றார் செண்பகம். "இன்னும் கொஞ்சம். இன்னும்... ஏங்க, நிறுத்துங்க, நிறுத்துங்க! நான் காணாமப் போறேன்!"

பின்னால் இழுத்தார்.

"இன்னும் வாங்க. இன்னும். ஆங்... வந்துட்டேன்!"

தணிகைவேல் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. செண்பகம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார்.

"பெரிசா போட்டு முன்ரூமுல மாட்டுங்க. அடுத்த வாரம் பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கலாம். இந்தக் கன்னம் சரியா விழலை."

தணிகைவேலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நகத்தால் திரையிலிருந்த பொட்டை நெம்பப் போனார்.

"நம்பரைக் குறிச்சுக்கறேன் டீச்சர். புதன்கிழமை ஆரணியில ஒரு பொண்ணை எடுக்கணும். இதையே வெச்சுடலாம்."

டீச்சர் பொட்டின் மேல் கையை வைத்து மூடினார். இன்னொரு கையால் அந்தப் பொட்டு அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார்.

"ஆரணிக்குப் போறப்ப மறக்காம இதை எடுத்துட்டுப் போங்கண்ணே."