கறுத்த தாமரை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், செத்துப்போன ராணிக்கு மாலைதோறும் பூ வைத்தார்கள்.

ராணி நல்லமங்கையின் அறையில் வெண்தாமரை வைப்பது விகடகவி விடங்கனின் பொறுப்பு. தண்டை நீருக்குள் அமிழ்த்திச் சாய்வாக அறுப்பான். செம்பைத் தேய்த்துப் புதுநீர் ஊற்றுவான். இரண்டு நாளானாலும் பூ வாடாது.

திடீரென்று ஒரு காலை, இதழ்கள் கறுத்துக் கொட்டிக் கிடந்தன. மறுநாளும் அப்படியே. இத்தனைக்கும் பூட்டிய அறை. சாவி அரசர் செங்கோடவர்மரின் இடுப்பில்!

"இழவு வீட்டிலும் சிரிக்க வைத்தவன் இவன். இவன் கைப்பூவை ராணியார் வெறுக்கிறார், அரசே" என்றார் பிறைசூடி. பழக்கிடங்கு அதிகாரி, படையல் தட்டைத் தினமும் அறைக்குள் கொண்டு போகிறவர். விடங்கனின் பதவிமேல் அவருக்கு நெடுநாள் கண்.

அரசரின் முகம் வெளிறியது. "விடங்கா, இன்று பூவை நான் வைக்கிறேன். நீ உள்ளேயே கிட. பூவையோ நீரையோ செம்பையோ தொடாதே. காலையில் இதழ் கறுத்திருந்தால், உன் தலை இருக்காது."

கதவு பூட்டப்பட்டது.

விடிந்ததும் திறந்தார்கள். தாமரை வெள்ளை வெளேரென்று நின்றது. பக்கத்தில் விடங்கன் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

"எதைத் தொட்டாய்?" என்றார் அரசர்.

"வாழைப்பழத்தை, அரசே! அதைத் தொடாதே என்று தாங்கள் சொல்லவில்லையே. கட்டிலடியில் ஒரு கூடை, கனிந்த பழம். அந்த வாடை பட்டால் பூ கறுக்கும். கிடங்குக்காரருக்கு இது தெரியாதா? பழம் என் வயிற்றில். தோல் சாளரம் வழியே போய் உங்கள் யானை வயிற்றில்."

"பொய்!" பிறைசூடி பாய்ந்தார். "சுவரோரம், ஆள் கை எட்டாத மூலை அது! இருட்டில் எப்படி எடுத்தாய்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். காவலர்கள் அவர் தோளைப் பற்றினார்கள்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டார். "அதுசரி, கூடை எப்படியடா எட்டியது?"

"எட்டவில்லை, அரசே. வளையல் போட்ட கை ஒன்று என் பக்கம் தள்ளியது. எனக்குப் பசிக்குமே என்று தாங்கள்தானே பணிப்பெண்ணை உள்ளே விட்டீர்கள்?"

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாக இடுப்புச் சாவியைத் தடவியது.

விடங்கன் அவர் முகத்தைப் பார்த்தான். மெதுவாக மாலையைக் கழற்றி நீட்டினான்.

"பரிசு வேண்டாம், அரசே. இனி பூ வைக்கும்போது தாங்களும் கூட வாருங்கள். அதுபோதும்."