கொசுறு

வேதமுத்துவின் காய்கறிக் கடையில் எது வாங்கினாலும் கொசுறு உண்டு. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினவர் பையிலும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை விழும். யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

கடையை அடைத்தபின் அவர் ஊர்க் கிறிஸ்தவ சபையை நடத்திவந்த உபதேசியார் ஆசீரிடம் போய்ப் பிரசங்கம் செய்யப் படித்துக்கொண்டிருந்தார். சீடரைவிடக் குரு வயதில் சின்னவர். சீடர் குருவை "ஐயா" என்பார். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். ஊருக்கு அது வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

அந்த வருஷம் கோடையில் வேதமுத்துவின் மனைவி அன்னபாக்கியம் அம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது. பேச்சுதான் தேறவில்லை. ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், தண்ணீர் கேட்கக்கூட முடியாமல் "தா... தா..." என்று தவித்தார். பார்க்கச் சகிக்காமல் வேதமுத்து கடையிலேயே கிடந்தார்.

ஒரு சாயங்காலம் அவர் உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வணக்கம் ஐயா."

ஆசீர் நிமிர்ந்து பார்த்தார். "எப்பவும் ஸ்தோத்திரம்னுலா சொல்லுவீங்க. அது எங்க போச்சு அண்ணாச்சி?"

"வீட்டுல ஒருத்தி வாயடைச்சுக் கிடக்கா. எனக்கு மட்டும் எப்படி வரும்?"

"உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார வரலை. இனிமே பாடத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். துன்பத்துல ஆண்டவரை நம்புங்கன்னு எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஊருக்குச் சொல்ல? நம்புறதுன்னா என்னன்னே எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

"எனக்கும் சொல்லத் தெரியலை" என்றார் ஆசீர். "ஞாயித்துக்கிழமை அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க. பிறகு பாப்போம்."

இதுவும் ஒரு பதிலா என்று வேதமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் கூட்டிவந்தார். தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று, பெண்கள் பக்கத்திலேயே மனைவியை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் செய்த நன்மையை அவரவர் எழும்பிச் சொல்லும் நேரம். அந்தச் சபையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கஷ்டம் வந்து, அது தீர்ந்த பிறகுதான் சாட்சி. காய்ச்சல் விட்டவர் எழும்புவார், மகளுக்கு வரன் அமைந்தவர் எழும்புவார். காய்ச்சலோடு எழும்பினவர் கிடையாது. நீட்டி முழக்குகிறவர்களை நிறுத்த ஆசீரின் மேஜைமேல் ஒரு சின்ன மணி உண்டு. அதற்கு ஓய்வே இருக்காது.

"வேற யாராவது உண்டா?" என்று கேட்டார் ஆசீர்.

அன்னபாக்கியம் அம்மாள் எழும்பினார்.

வேதமுத்து பதறிப்போனார். விவரம் புரியாமல் எழும்பிவிட்டாள் என்று நினைத்துச் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"ஏ, உக்காரு. இது சாட்சி நேரம்."

அம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டார். வாயைத் திறந்தார்.

"தா... தா..."

அதற்குமேல் வரவில்லை. திரும்பவும் முயன்றார். திரும்பவும் அதே "தா". யாரோ விசும்பினார்கள். வேதமுத்து தலையைக் குனிந்துகொண்டார். உபதேசியார் மணியை அடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஆசீர் மணியை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு, ஒரு சாட்சிக்கும் அடுத்த சாட்சிக்கும் நடுவில் எப்போதும் சொல்வதுபோல, "ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றார். அம்மாளை உட்காரச் சொல்லவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் அம்மாள் சொல்லிக்கொடுத்த பாட்டையே எடுத்தார்.

சபை பாடத் தொடங்கியது. இரண்டாவது அடியில் வேதமுத்துவின் தலைக்குமேல் இன்னொரு குரல் சேர்ந்தது. ரொம்பநாள் திறக்காத கதவைத் திறந்ததுபோல் கரகரத்தது. ஆனால் அது சொல். முழுச் சொல்.

வேதமுத்து நிமிர்ந்தார். முன்வரிசை பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மற்ற வரிசைகளும் நின்றன. ஆர்மோனியம் மட்டும் கூடவே போயிற்று. அம்மாள் ஒற்றை ஆளாக நின்று, ஒரு சரணம் விடாமல், ஒரு வார்த்தை பிசகாமல் பாடி முடித்தார்.

கைதட்டும் பழக்கமில்லாத சபை அது. அன்று கூரை அதிரத் தட்டியது. வேதமுத்து சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார், அழுகையோடு சிரிக்கவும் செய்தார்.

அம்மாள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தா... தா..." என்றுதான் வந்தது. அதைக் கேட்டுத் தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் வேதமுத்து ஓடிவந்து ஆசீரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் ஐயா! ஸ்தோத்திரம்! நாளைக்கே பாடத்துக்கு வாரேன். அவ பாடுவான்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"அவளுக்கு?"

"அவுக முகத்தைப் பாத்தீங்கல்லா? அவுகளுக்கும் தெரியாது."

"இப்படி ஒரு சாட்சியை இந்தக் கோயில் கேட்டதே இல்லை ஐயா. அந்தப் பாட்டு இருக்கே..."

"சாட்சி பாட்டுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு" என்றார் ஆசீர். "ஒண்ணும் தீராம இருக்கும்போதே அக்கா எழும்பி நின்னாக. நீங்க சேலையைப் பிடிச்சு இழுத்தீங்க பாருங்க, அப்பவே முடிஞ்சு போச்சு. பாட்டு, ஆண்டவர் போட்ட கொசுறு."