சேர்மனின் புதிய வரிகள்

நகராட்சி கவிதைப் போட்டி வைத்தது. சேர்மன் பூவராகனும் எழுதினார். நடுவரும் அவரே. பின்னே, முதல் பரிசு வேறு யாருக்குப் போகும்? பெயின்டர் சவரிமுத்து அந்தக் கவிதையை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதினான். ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஊரே நின்னு கடைசி வரைக்கும் படிக்கணும். இல்லேன்னா நகராட்சி வேலை உனக்குக் கிடையாது!" என்று எகிறினார் சேர்மன்.

சவரிமுத்து கவிதைக்கு மேலே சிவப்பில் தலைப்புப் போட்டான்: "நகராட்சியின் புதிய வரிகள்!"

விடிந்ததும் ஊரே பதறியடித்து ஓடிவந்து, ஒரு எழுத்து விடாமல் படித்தது.

"ஏன்டா, இப்படியா எழுதுவே?" என்று பாய்ந்தார் சேர்மன்.

"கவிதையில இருக்கிறது வரிதானேங்க ஐயா?"

அதற்குள் கூட்டத்திலிருந்து பூக்காரம்மா கும்பிட்டாள்: "சேர்மன் ஐயா, வீட்டு வரியை வேணும்னா ஏத்திக்குங்க. இந்த வரியை மட்டும் அழிச்சிடுங்க!"