தாசில்தாரின் தெள்ளும் பொன்னுரங்கத்தின் பருவும்

கொட்டாவிப்பட்டிக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். அவர்களுடைய கஷ்டமெல்லாம் அந்த யோசனையில்தான் ஆரம்பிக்கும்.

அந்த ஊர்ப் பொன்னுரங்கத்துக்கு வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வருவதாக இருந்தது. இருபத்தாறு வயதில் முதல்முறையாக அவனைப் பார்க்க வருகிறார்கள். திங்கட்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தால் இடது கன்னத்தில் ஏழு பரு. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் தாண்டவன் பருவை உற்றுப் பார்த்தான். பிறகு காதைச் சொறிந்துகொண்டிருந்த நாயைப் பார்த்தான். நாயின் பெயர் தாசில்தார்.

“இது பரு இல்லடா. தாசில்தார் மேல இருந்த தெள்ளுப்பூச்சி உன் கன்னத்துக்குள்ள குடி போயிருக்கு.”

“உள்ள என்ன பண்ணுது?” என்றான் தம்பி நல்லமுத்து.

“கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. அதான் வீங்கியிருக்கு.”

“அப்ப பழைய வீட்டைக் காட்டினா திரும்பிப் போயிடுமே!”

மூவருக்கும் இது நியாயமாகப் பட்டது. பொன்னுரங்கம் சாயங்காலம் வரை தாசில்தாரின் காதில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். நல்லமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, “வாங்கப்பா, உங்க வீடு இதான்” என்று தன்மையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கன்னத்திலிருந்து யாரும் வரவில்லை. நாயிடமிருந்துதான் வந்தார்கள். மறுநாள் பொன்னுரங்கத்தின் கழுத்தும் கையும் தடித்துச் சிவந்து அரித்தன.

மூவரும் பக்கத்து டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். “கழுத்துல அரிக்கிறது தெள்ளுப்பூச்சி கடிச்சது. அது நாய்கிட்ட இருந்து வந்ததுதான். கன்னத்துல இருக்கிறது சாதாரணப் பரு. தோல்ல எண்ணெய்ப்பசை அடைச்சு வர்றது. அதுக்கும் நாய்க்கும் சம்பந்தமே இல்ல.”

நல்லமுத்து, தாண்டவனின் காதில் கிசுகிசுத்தான். “நாய்க்கு யாரு சம்பந்தம் பேசினா? நமக்குத்தானே பேசியிருக்கு?”

“பெரிய படிப்புப் படிச்சவங்க. குறுக்கே பேசாதே.”

டாக்டரம்மா எழுதியும் கொடுத்தார், வாயாலும் சொன்னார். “நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அது எது எது மேல படுக்குதோ எல்லாத்தையும் வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போடுங்க. முகத்தை ரெண்டு வேளை கழுவணும். பரு மேல கை வைக்கவே கூடாது.”

தாசில்தாரைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலைத் தொட்டதும் திரும்பிவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போகத்தானே சொன்னார்? அங்கிருந்த டாக்டர் தெருக்கோடி வரை துரத்தி வந்து நாய்க்கு மருந்து போட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது அலசுகிற வேலை. தாசில்தார் படுப்பது ஒரு சாக்கின் மேல், ஒரு பாயின் மேல், மத்தியானத்தில் கந்தப்பப் பெரியப்பாவின் தொப்பை மேல். சாக்கையும் பாயையும் அலசியாயிற்று. மூவரும் பெரியப்பா முன் போய் நின்றார்கள்.

“எல்லாத்தையும்னா நானும்தானே?” என்று பெரியப்பாவே எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“கொதிக்கக் கொதிக்கவா?”

“கொஞ்சம் விளாவுங்கடா. சாயம் போயிடப் போகுது.”

அண்டாவில் உட்காரவைத்து அலசினார்கள். பிழியலாமா என்று கால்மணி நேரம் விவாதித்து, டாக்டரம்மா சொல்லாததைச் செய்யக் கூடாது என்று முடிவாயிற்று. மொட்டை மாடியில் வடாம் காய்கிற புடவைக்குப் பக்கத்தில் அவரைப் படுக்கவைத்தார்கள். பெரியப்பா கையில் குச்சியோடு, வடாத்துக்கும் தனக்கும் சேர்த்துக் காக்கை விரட்டினார். “முதுகுப் பக்கம் இன்னும் ஈரமா இருக்கு, வந்து புரட்டிப் போடுங்கடா!” என்று நடுநடுவே குரல் வந்தது.

பொன்னுரங்கத்தின் கவலை வேறு. கை வைக்காமல் முகத்தை எப்படிக் கழுவுவது?

“கைதானே வைக்கக் கூடாது?” என்றான் தாண்டவன். “காலைப் பத்தி ஒண்ணும் எழுதலையே.”

சீட்டை மூன்று முறை படித்தார்கள். காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் பொன்னுரங்கம் முற்றத்தில் படுத்துக்கொள்வான். தாண்டவன் பாதத்தில் சோப்புப் போட்டுக் கன்னத்தைத் தேய்ப்பான். மூச்சு முட்டும். ஆனாலும் கல்யாணத்துக்காக அவன் பொறுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மூஞ்சியில் அண்ணன் கால். போச்சு, எல்லாம் போச்சு என்று பொன்னுரங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பெண்ணின் அப்பா மாசிலாமணி விஷயத்தை முழுக்கக் கேட்டார். தாண்டவனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். “அடடா! எங்க ஊர்ல இவ்வளவு விவரமா யோசிக்க ஆள் இல்லீங்க” என்றார்.

பொன்னுரங்கம் ஒரு கண்ணைத் திறந்தான். பெண் வடிவாம்பாளும் கூடவே வந்து தலைகுனிந்து நின்றிருந்தாள். அவள் நெற்றியில் ஒரே ஒரு பரு. அவனுக்கு உலகமே பிடித்துப்போயிற்று.

“எங்க வீட்ல பூனை வளக்கறோம்” என்றாள் அவள் வெட்கத்தோடு.

தாண்டவன் அவள் நெற்றிப் பருவை உற்றுப் பார்த்தான்.

“இவனுது நாய்ப்பரு, அந்தப் பொண்ணுது பூனைப்பரு” என்றான் தாண்டவன் மெதுவாக. “ஒண்ணை ஒண்ணு பார்த்தா கடிச்சுக் குதறிக்காது?”

“டாக்டரம்மா நாய்க்கும் பருவுக்கும் ஒண்ணுமில்லன்னாங்களே?” என்றான் பொன்னுரங்கம் கலவரத்தோடு.

“பூனையைப் பத்திச் சொன்னாங்களா?”

சொல்லவில்லை. வெகுநேரம் யோசித்து ஒரு வழி கண்டார்கள்.

முகூர்த்தத்தன்று மணமக்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்படியும் பரு ஓரக்கண்ணால் பார்த்துவிட்டால்? காவலுக்கு நடுவில் பெரியப்பா உட்கார்ந்தார். கெட்டிமேளம் முழங்கியது. அய்யர், “கொஞ்சம் குனியுங்கோ” என்றார். பொன்னுரங்கம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் தடவித் தடவி மூன்று முடிச்சும் போட்டான்.

பெரியப்பா கழுத்தில் தாலியோடு குனிந்தே இருந்தார். “சட்டுனு அட்சதையைப் போடுங்கப்பா, கழுத்து வலிக்குது” என்றார்.

எல்லோரும் போட்டார்கள்.