மேல் கருவியும் கீழ் கருவியும்

காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் பல வருஷம் இயற்பியல் நடத்திய பிறகுதான் நாச்சியப்பனுக்குக் கடல் மேல் ஆசை வந்தது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வழிகாட்டியாக வாய்த்த ஜெசிந்தா அவரைவிட வயதில் இளையவர். அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார்.

இருவரும் ஆராய்ச்சிக் கப்பலில் வங்கக் கடலுக்குப் போனார்கள். போன வருஷம் அங்கே ஒரு நீளக் கயிற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அடியில் எடை, உச்சியில் மிதவை, இடையில் நீரின் வெப்பத்தைப் பதிவு செய்யும் இரண்டு கருவிகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. அதை எடுத்துச் சுத்தம் செய்து, மறுபடி இறக்கிவிட்டு வர வேண்டும்.

கப்பலிலிருந்து நீருக்குள் ஒலிச் சமிக்ஞை அனுப்பினார்கள். ஆழத்தில் எடையைப் பிடித்திருந்த கொக்கி திறந்து அதை விட்டது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் மிதவை அலைக்கு மேலே தலைகாட்டியது. பாசியும் சிப்பியுமாகக் கயிறு தளத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்த ஒரு வருஷத்தில் ஒரு புயல் அந்த இடத்தைக் கடந்திருந்தது. நாச்சியப்பன் பதிவுகளைக் கணினியில் ஏற்றினார். மேல் கருவியின் கோட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மேடம், பாருங்க! புயல் நேரா தலைக்கு மேல போயிருக்கு, கோடு அசையவே இல்லை. புயல் கலக்கிவிடற மேல்தண்ணிச் சூடு இந்த ஆழத்துக்கு இறங்காதுன்னு நான் ஆய்வுல எழுதினது சரிதான்!"

டீ கொண்டுவந்த சமையல்காரருக்கும் கைகொடுத்தார்.

"கீழ் கருவி என்ன சொல்லுது?" என்றார் ஜெசிந்தா.

அதன் கோடு புயலுக்குப் பின் சட்டென்று ஏறியிருந்தது. இறங்க வெகுநாள் ஆகியிருந்தது.

"இது கெட்டுப்போச்சு மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"சூடு மேலேர்ந்துதானே கீழ போகணும்? மேல் கருவியைத் தாண்டாம எப்படிப் போகும்? அதுதான் வாயே திறக்கலையே."

"நியாயம்தான்."

"அப்ப கீழ் கருவியைத் தள்ளிடலாம். மேல் கருவியைத் துடைச்சு அப்படியே இறக்கிடலாமா?"

ஜெசிந்தா நேரே கேப்டனிடம் போனார். காற்று மாறுகிறது, சாயங்காலத்துக்குள் கிளம்ப வேண்டும் என்றார் கேப்டன். "ஒரே ஒரு தடவை கருவியை முக்கி எடுத்துக்கறோம்," என்று கேட்டு அனுமதி வாங்கினார் ஜெசிந்தா.

கடலுக்குள் இறக்கும் இரும்புச் சட்டத்தில் கப்பலின் சொந்த வெப்பமானி இருந்தது. கரையில் சோதித்துக் கொண்டுவந்தது. அதன் இரு பக்கமும் இரண்டு கருவிகளையும் கட்டினார்.

"ஒண்ணைத்தானே மேடம் சோதிக்கணும்?"

"சட்டத்துல இடம் இருக்கு சார். அதுவும் வரட்டும்."

சட்டம் ஆழத்துக்குப் போய்த் திரும்பியது. மூன்று கோடுகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆழம் கூடக் கூட, கப்பலின் வெப்பமானி கிடுகிடுவென்று குளிரைக் காட்டியது. கீழ் கருவியின் கோடு அதன் மேலேயே படிந்து போனது. மேல் கருவியோ தூக்கத்தில் நடப்பது போல லேசாகச் சரிந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

கெட்டுப்போனது மேல் கருவிதான் என்று நாச்சியப்பனுக்குப் புரிந்தது. எழுதியதில் பாதியைக் கிழிக்க வேண்டும். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்தச் சூடு எவ்வளவு ஆழம் வரைக்கும் போயிருக்கும் மேடம்?"

"தெரியலையே சார். இன்னும் கீழ ஒண்ணு கட்டிப் பார்ப்போமா?"

நாச்சியப்பனே முடிச்சுப் போட்டார். மேல் கருவி இருந்த இடத்தில் புதியது ஒன்று, கீழ் கருவி அதன் இடத்திலேயே, அதற்கும் கீழே இன்னொன்று. புது எடை கடலில் போய் விழுந்தது. கயிறு சரசரவென்று ஓடி, மிதவையும் முங்கியது.

கப்பல் திரும்பிய பிறகும் நாச்சியப்பனுக்கு ஒன்று விளங்கவில்லை.

"மேல் கருவியில அப்ப ஒரு குறையும் தெரியலையே. அது மேல எப்படி மேடம் சந்தேகப்பட்டீங்க?"

"அதை நான் எங்கே சார் சந்தேகப்பட்டேன்?" என்றார் ஜெசிந்தா. "உங்க சந்தோஷத்தைத்தான் சந்தேகப்பட்டேன்."