பின்னாடி பாரு!

தூத்துக்குடியில் ஒரு கேமிங் சென்டர். அதற்கு ராஜா இன்பராஜ். முதுகில் கட்டிய ஜெட்டின் உந்தலால் விண்வெளியில் மிதந்துகொண்டே சுடும் ஆட்டத்தில் அவர்தான் அணியின் கேப்டன். வாய் பெரிசுதான். ஆனால் யார் முதுகுக்கு ஆபத்து வந்தாலும் ஹெட்செட்டில் முதலில் அலறுவதும் அவர்தான்: "பின்னாடி பாரு!"

அணியில் ஷீபா உபரி ஆள். டீ வாங்கி வருவாள்.

"அண்ணே, ஃபைனல்ல எனக்கும் ஒரு இடம் தாங்க."

"ஏட்டி, உன் ஜெட்டைக் கழட்டிருதேன். அந்தரத்துல மிதந்து வந்து என்னைத் தொடு. தொட்டுட்டா நீதான் கேப்டன்!"

சென்டரே சிரித்தது.

"துப்பாக்கி இருக்கட்டுமா அண்ணே?"

"வச்சுக்கோ. என்மேல குண்டு பட்டா நீ தோத்த."

ஆட்டம் தொடங்கியதும் திரையில் ஷீபா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெறும் இருட்டைச் சுட்டாள்.

"யாரைச் சுடுதா பாருங்கலே!" இன்பராஜ் திரையை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எடையில்லாத வெளியில் குண்டு முன்னால் போனால் சுட்டவர் பின்னால் போவார். ஒவ்வொரு வேட்டுக்கும் பின்னால் நகர்ந்து வந்த ஷீபா, அவர்மேல் முட்டி நின்றாள்.

"ஜெட்டைத்தானே கழட்டுனீங்க அண்ணே? துப்பாக்கி உதைக்கறதைக் கழட்டலையே!"

இப்போது கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. இன்பராஜ் ஹெட்செட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். அப்புறம் வரவேயில்லை. ஷீபா எத்தனையோ முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

ஃபைனலில் ஷீபாதான் கேப்டன். எதிரணியில் ஒரே ஒருவன்தான் மிச்சம். அவள் முன்னால் தேடினாள். அணியில் மற்றவர்கள் அவரவர் திரையிலேயே கண்ணாக இருந்தார்கள்.

குண்டு அவள் முதுகில் பாய்ந்தது. அலற வேண்டியவரை அவளே ஜெயித்து அனுப்பியிருந்தாள்.