கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மீனவன்

பெரியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பால் சொசைட்டியில் வேலை. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தில்லைக்கரசி என்று பெயர், காவிரிக்கு அக்கரையில் இருந்துகொண்டு நாவல் எழுதுகிறவர். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதென்ன வயது என்று பெரியண்ணன் அவரையே குருவாக வரித்துக்கொண்டார்.

பெரியண்ணன் எழுதியது ஒரு மீனவன் கதை. ஆனால் மேட்டூர் அணையைத் தாண்டிப் பெரிய தண்ணீர் எதையும் அவர் பார்த்ததில்லை. ஊரில் கேலிக்குக் குறைவா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றார்கள். மனிதர் ரோஷக்காரர். புத்தகம் புத்தகமாகப் படித்தார், போனில் மீனவர்களைப் பிடித்துக் கேள்வி கேட்டார், வாடை எது கச்சான் எது என்று கடல் காற்றையெல்லாம் கரைத்துக் குடித்தார். அப்படியும் குரு இரண்டு தடவை கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவையும் தேறாவிட்டால் எழுத்தையே விட்டுவிடுவது என்ற முடிவோடுதான் அன்றைக்குப் பரிசல் ஏறி வந்திருந்தார்.

தில்லைக்கரசி கடைசித் தாள்வரை படித்தார். காகிதங்களைத் தட்டி அடுக்கினார். பெரியண்ணன் முந்திக்கொண்டு கேட்டார்.

“தப்பு ஏதும் இருக்குதுங்களா?”

“ஒரு தப்பும் இல்லீங்க. உசுரும் இல்லீங்க.”

கடலுக்குப் போகாததுதான் குறை என்று பெரியண்ணனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். லீவு போட்டு ஏதாவது மீனவக் குப்பத்தில் ஆறு மாதம் தங்கிவிட்டு வரட்டுமா என்று கேட்டார். இல்லை, அடுத்தவர் பிழைப்பை எழுத எனக்கு யோக்கியதை இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள், இன்றோடு விட்டுவிடுகிறேன் என்றார்.

தில்லைக்கரசி வேறு எதையோ கேட்டார்.

“இன்னிக்கு ஆத்துல தண்ணி எப்படிப் போகுதுங்க?”

பெரியண்ணன் விழித்தார். சற்றுமுன் அந்த ஆற்றைக் கடந்துதான் வந்திருந்தார்.

“கவனிக்கலீங்க.”

“பரிசல்ல கூட யாரு வந்தாங்க?”

யோசித்துப் பார்த்தார். ஆடு ஒன்று இருந்தாற்போல ஞாபகம்.

“அப்ப வழியெல்லாம் என்னதான் பண்ணிட்டு வந்தீங்க?”

வெட்கமாக இருந்தாலும் குருவிடம் மறைப்பானேன் என்று சொன்னார். முந்தின நாள் பெரியண்ணன் வீட்டுக்கு அவருடைய மச்சான் வந்திருந்தார். சோறு தின்று கை கழுவின கையோடு, இந்த வயசில் இதென்ன கிறுக்கு என்று பிள்ளைகள் முன்னால் கேட்டுவிட்டார். பெண்டாட்டியும் வாய் திறக்கவில்லை. மச்சானுக்கு அங்கேயே என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பரிசல் கரை சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார். நல்ல பதிலாக ஒன்று அகப்பட்டது, சொல்லத்தான் எதிரே ஆள் இல்லை.

தில்லைக்கரசி ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் மீனவன் கடலைப் பார்த்தான். அடுத்த தாளிலும் பார்த்தான். கதை முழுக்க மூச்சுக்கு முந்நூறு தரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொறந்ததிலிருந்து கடல்ல கிடக்கிறவன். அதையே எதுக்குங்க இப்படிப் பார்த்துட்டு இருக்கான்?”

தில்லைக்கரசி காகிதக் கட்டை அவர் கையில் கொடுத்தார்.

“அவனுக்கு மச்சான் யாரும் இல்லீங்களா?”